புதுக் கார், 20 கொண்டை ஊசி வளைவுகள், புரட்டும் வயிறு

புது வண்டி எடுத்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காட்டுக்குக் கிளம்பினோம். அம்மா, மனைவி, 8 வயது மகள், நான். பழைய சின்ன காரில் அதே பாதையில் எத்தனையோ தடவை ஏறியிருக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. இந்த முறை அடிவாரம் தாண்டி நான்காவது கொண்டை ஊசி வளைவிலேயே மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு கொட்டாவி, அப்புறம் இன்னொரு கொட்டாவி. விடியற்காலையில் எழுப்பியதால் தூக்கம் என்று நினைத்தேன். ஒன்பதாவது வளைவில் வண்டியை ஓரம்கட்ட வேண்டியதாகிவிட்டது. அவள் வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அம்மாவும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.

"இந்த வண்டி எனக்கு ஒத்துக்கல சாமி" என்றார்.

காலையில் சாப்பிட்ட பூரிதான் காரணம் என்று நான் சொன்னேன். அடுத்த முறை இட்லி. அப்போதும் அதேதான். ஓட்டுகிற எனக்கு ஒன்றுமே செய்யவில்லை என்பதால், வண்டியில் குறை இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு ஒரு நாள் தம்பி ஓட்ட, நான் பின்வரிசையில் மகளின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஆறாவது வளைவில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது, நெற்றி ஜில்லென்று வியர்த்தது. அன்றைக்குத்தான் அம்மா சொன்ன வார்த்தை எவ்வளவு சரியான வார்த்தை என்று புரிந்தது. வண்டி ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றில் கோளாறு இல்லை, மனசில் பயம் இல்லை, உடம்பில் பலவீனம் இல்லை. ஒரு குறிப்பிட்ட வண்டியின் ஆட்டத்துக்கும் ஒரு குறிப்பிட்ட உடம்பின் கணக்குக்கும் பொருந்தாமல் போகிறது. அது ஏன், என்ன செய்யலாம் என்று அதற்கப்புறம் தேடிப் படித்ததையும், எங்கள் வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

காதின் உட்புறத்தில், கேட்கும் வேலையோடு சம்பந்தமில்லாத ஒரு பகுதி இருக்கிறது. அங்கே மூன்று அரைவட்டக் குழாய்கள், மூன்று வெவ்வேறு திசைகளில் அமைந்திருக்கின்றன. உள்ளே திரவம். தலையைத் திருப்பினால் குழாய் உடனே திரும்பும், திரவம் கொஞ்சம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலை நுண்ணிய முடிகள் உணர்ந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றில் ஜெல்லி போன்ற ஒரு படலம், அதன் மேல் சுண்ணாம்புத் துகள்கள். வண்டி வேகமெடுத்தாலோ நின்றாலோ பக்கவாட்டில் இழுத்தாலோ அந்தத் துகள்கள் சரியும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் பஸ் பிரேக் போட்டது நமக்குத் தெரிவது இவற்றால்தான்.

பயணக் குமட்டலுக்கு மூலம் இந்த உறுப்புதான் என்பது ஊகமல்ல. 1882ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாதவர்களைச் சுழற்றிப் பார்த்து, அவர்களில் பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று பதிவு செய்தார். கேட்கும் பகுதியோடு சேர்ந்து பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியும் அவர்களில் பலருக்குப் பழுதாகியிருக்கும். 1960களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்கள், உட்காதின் சமநிலை உறுப்பு செயலற்றுப் போனவர்களை வட அட்லாண்டிக்கின் புயலில் கப்பலில் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் படாத பாடு பட, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, அடிக்கடி குமட்டல் வருகிறவரின் காது பழுதில்லாமல் வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். வீட்டில் யாருக்காவது கார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அவரைப் பலவீனமானவர் என்று பேசுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

சரி, காது உணர்வது ஏன் வயிற்றைப் புரட்ட வேண்டும்? கண் ஒன்று சொல்கிறது, காது வேறொன்று சொல்கிறது, மூளை குழம்புகிறது என்பது நம்மில் பலரும் கேட்டிருக்கிற விளக்கம். பாதி உண்மை. அது முழு உண்மையாக இருந்தால் பிறவியிலேயே பார்வையில்லாதவர்களுக்குப் பயணக் குமட்டல் வரக்கூடாது; ஆனால் வருகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1970களில் இந்த விளக்கத்தை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனார். கண்ணும் காதும் முரண்படுவது மட்டும் காரணமல்ல. இப்போது வந்துகொண்டிருக்கும் உணர்வுக்கும், பழைய அனுபவத்திலிருந்து மூளை எதிர்பார்த்த உணர்வுக்கும் இடையே உள்ள முரண்தான் காரணம் என்றார் அவர்.

எங்கள் வீட்டுச் சிக்கலுக்கு முடிச்சு அவிழ்ந்தது இந்த இடத்தில்தான். பழைய காரில் பல வருஷம் உட்கார்ந்து பழகிய அம்மாவின் மூளை, அந்த வண்டி எந்த வளைவில் எவ்வளவு சாயும், பிரேக் போட்டால் மூக்கு எவ்வளவு குனியும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. புது வண்டி அந்தக் கணக்குக்குள் வரவில்லை. அதே சாலை, அதே வேகம், அதே டிரைவர். ஆனால் ஒவ்வொரு அசைவும் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. 20 வளைவுக்கும் மூளை தப்பாகவே கணித்துக்கொண்டு போகிறது.

அந்த முரண் ஏன் வாந்தியாக முடிகிறது என்பதற்கு 1977இல் டிரெய்ஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்து சொன்னார். புலன்கள் தாறுமாறாக இருந்தால் நஞ்சு உள்ளே போயிருக்கிறது என்று உடம்பு எடுத்துக்கொண்டு அதை வெளியே தள்ளப் பார்க்கிறதாம். அழகான கருத்து, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றல்ல.

இனி வண்டிக்கு வருகிறேன். புது வண்டி வாங்கும்போது ஷோரூமில் சொல்வது, "குலுக்கலே தெரியாது சார்." உண்மைதான், தெரியவில்லை. சேலம்–பெங்களூர் நெடுஞ்சாலையில் டெஸ்ட் டிரைவ் போனபோது சோபாவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனால் குலுக்கலும் குமட்டலும் வேறு வேறு சரக்கு. கரடுமுரடான சாலையின் குலுக்கல் வினாடிக்குப் பல முறை வருவது. அது முதுகை நோகடிக்கும், வாந்தி வரவைக்காது. வயிற்றைப் புரட்டுவது மெதுவான ஆட்டம். மனித உடலுக்கு அதிர்வு என்ன செய்கிறது என்பதை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேசத் தரநிலை, குமட்டல் தரும் செங்குத்து அசைவை வினாடிக்கு 0.1 முதல் 0.5 முறை வரையிலான வரம்பில் வைக்கிறது. அதிலும் மிக மோசமானது 0.2க்குப் பக்கத்தில், அதாவது 5 வினாடிக்கு ஒரு தடவை ஆடி முடிகிற அசைவு. கப்பல் ஏறக்குறைய அப்படித்தான் ஆடுகிறது. குதிரைச் சவாரியில் இத்தனை பேர் வாந்தி எடுப்பதில்லை, ஒட்டகச் சவாரியில் எடுப்பார்கள்.

தூளியும் இந்த வரம்பில்தான் ஆடுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. விட்டத்திலிருந்து 2 மீட்டர் இறங்கும் தூளி ஒரு தடவை போய்த் திரும்ப ஏறக்குறைய 3 வினாடி ஆகும். பெரியவர்கள் அதில் அரை மணி நேரம் ஆடினால் தாங்க மாட்டார்கள், குழந்தை தூங்குகிறது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயணக் குமட்டல் அபூர்வம். அதற்கப்புறம் 12 வயது வரைதான் மிக அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அதிகம். வயது ஏறினால் பொதுவாகக் குறையும். என் அம்மாவைப் போல விதிவிலக்குகளும் உண்டு.

இப்போது ஏற்காட்டுப் பாதையை எடுத்துக்கொள்வோம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் எண்ணிட்ட அந்த 20 மட்டுமே வளைவு என்று நினைக்கக்கூடாது. இரண்டு பலகைகளுக்கு நடுவே சாலை இடமும் வலமுமாக நெளிந்துகொண்டே போகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வினாடிக்கு 7 மீட்டர். 25, 30 மீட்டருக்கு ஒரு நெளிவு என்றால், இடது சாய்ந்து வலது சாய்ந்து மறுபடி இடதுக்கு வர 8 வினாடி போல ஆகும். பக்கவாட்டில் நடக்கும் இந்த ஊசலாட்டமும் ஏறக்குறைய அந்த வரம்பில்தான் விழுகிறது. காரிலும் பஸ்ஸிலும் குமட்டலுக்குப் பெரிய காரணம் மேலும் கீழுமான ஆட்டமல்ல, பக்கவாட்டு இழுப்பும் பிரேக்–ஆக்சிலரேட்டர் முன்பின் இழுப்பும்தான்.

உயரமே காரணம், மலைக்காற்றே காரணம் என்று சொல்கிறவர்கள் நம்மூரில் நிறைய. 1,500 மீட்டர் உயரத்தில் மலைநோய் வருவதில்லை. அது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும். காது அடைப்பது காற்றழுத்தம் குறைவதால். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறந்துகொள்ளும். அந்த அடைப்புக்கும் வாந்திக்கும் சம்பந்தமில்லை.

வண்டியில் என்ன மாறியது? எங்கள் பழைய கார் தாழ்வானது, இறுக்கமானது. குழியில் விழுந்தால் இடுப்பு அதிரும், ஆனால் வளைவில் சாயாது. புதியது ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி. மென்மையான சஸ்பென்ஷன். நேர்ச்சாலையில் சுகம், வளைவில் உடம்பு முழுவதும் வெளிப்பக்கம் சாய்ந்து, வளைவு முடிந்ததும் நிமிர்ந்து, சில சமயம் நிமிர்ந்த பிறகும் ஒரு அசைவு மிச்சம் இருக்கும். தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அது வீசப்படுகிறது. மூன்றாவது வரிசை பின் அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால், பிரேக் போடும்போதும் மேடு ஏறும்போதும் சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்த மாதிரி ஏறி இறங்கும். ஜன்னலோ சின்னது. முன் சீட்டின் அகலமான முதுகும் தலைசாய்ப்பானும் சாலையை முழுக்க மறைத்துவிடும். அந்த இடத்தில் நாம் யாரை உட்கார வைக்கிறோம்? குழந்தைகளை. யாருக்கு அதிகம் குமட்டுமோ அவர்களை, எந்த இடம் அதிகம் குமட்டுமோ அந்த இடத்தில். நானும் அதைத்தான் செய்தேன்.

ஆட்டோமேட்டிக் கியரும் ஒரு பங்கு. கிளட்ச்சைத் தானே இயக்கிக்கொள்ளும் மலிவு வகை கியர்பாக்ஸ், மலை ஏற்றத்தில் இரண்டாவதா மூன்றாவதா என்று மாறி மாறிப் போடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் இருக்கிறவர்களின் தலை ஒரு முறை முன்னே போய் வரும். மேனுவல் நிலைக்கு மாற்றி இரண்டாவது கியரிலேயே வைத்துக்கொண்டால் அந்தத் தலையாட்டல் நிற்கும்.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு வேறு அனுபவம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடனே மோட்டார் தானே பிரேக் போல இழுத்து பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்கும். ஓட்டுகிறவருக்கு அது வசதி. பின்னால் இருக்கிறவருக்கு எச்சரிக்கை இல்லாமல் வரும் இழுப்பு. என்ஜின் சத்தம் ஏறி இறங்குவதைக் கேட்டு முன்கூட்டியே தயாராகவும் வழியில்லை. அந்த இழுப்பின் அளவைக் குறைக்க எல்லா மின்சாரக் கார்களிலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலானவற்றில் வழி இருக்கிறது. பழகும் வரை குறைந்த அளவில் வைப்பது நல்லது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் தப்பித்துக்கொள்கிறார். டிரைவர். தானே ஓட்டும்போது மிக எளிதில் குமட்டல் வருகிறவருக்குக்கூடப் பெரும்பாலும் அது வருவதில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பப் போவது அவர் கை. எனவே வண்டி என்ன செய்யப் போகிறது என்று அவர் மூளைக்கு முன்பே தெரியும். எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் முரண் இல்லை. இன்னொன்றும் செய்கிறார், தனக்குத் தெரியாமலேயே. வண்டி இடது பக்கம் திரும்பும்போது டிரைவரின் தலை இடது பக்கம், அதாவது வளைவின் உட்பக்கம் சாய்கிறது. பயணிகளின் தலை வண்டி தள்ளுகிற திசையில் வெளிப்பக்கம் போகிறது. அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது கவனித்துப் பாருங்கள். பயணிகளும் டிரைவரைப் போலவே வளைவின் உட்பக்கம் தலையைச் சாய்த்தால் குமட்டல் குறைகிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம்தான் ஆயிற்று. "அப்பா திருப்புற பக்கம் நீயும் சாய்ஞ்சுக்கோ கண்ணு, பைக்ல போற மாதிரி." இந்த ஒரு விஷயம் எங்களுக்கு எலுமிச்சையைவிட அதிகம் உதவியது.

டிரைவருக்குக் குமட்டாது என்பதால்தான் பின்னால் இருக்கிறவர்களின் கஷ்டம் அவருக்கு மிகையாகத் தெரிகிறது. ஆனால் மருந்தில் பெரும்பகுதி அவர் காலடியில்தான் இருக்கிறது. ஒரு கணக்கு பாருங்கள். வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு இழுப்பு புவியீர்ப்பில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. 25இல் திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு. வேகம் பத்துதான் கூடியது; இழுப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கண்ணாடிக்குக் கீழே தொங்கும் சின்ன முருகர் படமே இதைக் காட்டும். முதல் வேகத்தில் அது 7 டிகிரி போல ஒதுங்கும், இரண்டாவதில் 18 டிகிரி. எங்கள் வண்டியில் முன் சீட்டில் மனைவி உட்கார்ந்தால் அதைப் பார்த்து, "ரொம்ப ஆடுதுங்க" என்பார். நான் காலை எடுப்பேன்.

வேகத்தைவிட முக்கியம், வேகத்தை எங்கே குறைக்கிறோம் என்பது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் போட்டால் முன்பக்க இழுப்பும் பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்து வரும். வளைவுக்கு முன்பே நிதானமாகக் குறைத்து, கியரைப் போட்டு, உள்ளே ஒரே சீராகப் போய், சாலை நேரானதும் மெதுவாக மிதிக்க வேண்டும். ஏற்காடு பஸ்களின் பழைய டிரைவர்கள் ஓட்டுவதைக் கவனித்தால் இது புரியும். பெரிய வண்டி, ஆனால் எங்கும் திடீர் என்று எதுவும் நடக்காது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. அதை இறங்குகிறவர்கள் மதித்தாலே ஏறுகிறவர்கள் வளைவில் நின்று கிளம்பும் வேலை பாதி மிச்சமாகும். இறங்கும்போது பிரேக்கை மிதித்து மிதித்து விடாமல் இரண்டாவது கியரில் என்ஜின் பிடிப்பிலேயே வர வேண்டும். பிரேக் சூடாகாமல் இருப்பதற்குச் சொல்லும் அதே அறிவுரை வயிற்றுக்கும் பொருந்துகிறது. கோடை விழா நாட்களில் நின்று நின்று நகரும் நெரிசலில் இதெல்லாம் எடுபடாது. வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த நாட்களில் ஏறாமல் இருப்பதே உத்தமம்.

எங்கே உட்கார்வது? பெரியவர்களுக்கு முன் சீட். கண் தூரத்தில், சாலை போகும் திசையில். அம்மாவை முன்னால் உட்கார வைத்தோம், பாதிச் சிக்கல் அன்றைக்கே தீர்ந்தது. குழந்தைகளைப் பாதுகாப்புக்காகப் பின்னால்தான் வைக்க வேண்டும். ஆனால் மூன்றாவது வரிசையில் அல்ல, இரண்டாவதில். உயரம் போதாமல் கதவின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வருவதுதான் அவர்களின் பிரச்சினை. குழந்தைகளுக்கான உயர்த்தும் இருக்கை ஒன்றைப் போட்டு பெல்ட்டும் மாட்டினால் முன்கண்ணாடி தெரியும். சேலம் வெயிலுக்காகப் பின் ஜன்னலில் மாட்டிய வலைத்திரையை அடிவாரத்தில் கழற்றிவிடுங்கள். புது சீட் அழுக்காகக் கூடாது என்று பாலிதீன் உறையைப் பிரிக்காமலே ஓட்டுகிறவர்கள் உண்டு. அது வழுக்கும், ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சறுக்கும். நாற்றம் வேறு. அதை முதல் நாளே கிழித்துப் போட வேண்டும்.

புது கார் வாசனை என்று நாம் ஆசையாக இழுக்கும் வாசனை, பிளாஸ்டிக்கிலிருந்தும் பசையிலிருந்தும் ரெக்சினிலிருந்தும் ஆவியாகும் ரசாயனங்கள். வெயிலில் நின்ற வண்டியில் அது இன்னும் அடர்த்தி. வாசனை மட்டுமே குமட்டலைத் தொடங்கிவைக்காது என்றாலும், தொடங்கியதை வேகமாக வளர்க்கும். அதை மறைக்க டேஷ்போர்டில் ஒரு பெர்ஃப்யூம் டப்பா வைத்தால் இரண்டு மடங்கு. கிளம்புவதற்கு முன் எல்லாக் கதவையும் ஐந்து நிமிஷம் திறந்து வையுங்கள். ஏசியில் உள்காற்றையே சுழற்றாமல் வெளிக்காற்றை எடுங்கள். காற்று முகத்தில் படட்டும். அடிவாரத்துக்கு மேலே ஏசியே எதற்கு? கண்ணாடியை இறக்கினால் காடு இருக்கிறது.

செல்போன் வேண்டாம், புத்தகமும் வேண்டாம். கண் ஒரு நிலையான திரையில், உடம்பு வளைவில். முரணுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வேறு வழியே இல்லாதவர்களுக்காக, வண்டியின் அசைவுக்கு ஏற்ப ஓரத்தில் புள்ளிகள் நகரும் ஒரு வசதி 2024 முதல் ஐபோன்களில் இருக்கிறது. மகளுக்கு நாங்கள் கொடுத்த வேலை வேறு. கொண்டை ஊசி வளைவுப் பலகைகளில் இருக்கும் எண்ணை முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். விளையாட்டு மாதிரி இருக்கிறது. உண்மையில் கண் வெளியே இருக்கிறது, அடுத்த வளைவு வரப்போவதும் முன்கூட்டியே தெரிகிறது. டிரைவருக்கு இருக்கும் சௌகரியத்தில் கொஞ்சம் அவளுக்கும் கிடைக்கிறது.

கொட்டாவி, பேச்சு நிற்பது, முகம் வெளுப்பது, எச்சில் ஊறுவது, காரணமில்லாத தூக்கம். இவை வாந்திக்கு வெகு முன்பே வந்துவிடும். நான் தூக்கம் என்று நினைத்தது இதைத்தான். அந்தக் கட்டத்திலேயே இடம் பார்த்து நிறுத்தி, இறங்கி, கீழே தெரியும் சமவெளியைப் பத்து நிமிஷம் பார்த்தால் பெரும்பாலும் திரும்பிவிடலாம். குமட்டல் முற்றிய பிறகு நிறுத்தினால் தெளிய நேரம் பிடிக்கும்.

மாத்திரையைப் பொறுத்தவரை நேரம்தான் எல்லாம். குமட்டல் தொடங்கினால் இரைப்பை தன் வேலையை நிறுத்திக்கொள்ளும்; அப்போது விழுங்கியது அங்கேயே கிடக்கும். நம் மருந்துக் கடைகளில் அவோமின் என்று கேட்டு வாங்கும் புரோமெத்தசின் வகை மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு போட வேண்டும். தூக்கம் வரும், ஓட்டுகிறவர் தொடவே கூடாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆபத்து, மூச்சு மந்தமாகலாம். பெரிய குழந்தைகளுக்கும், கண் அழுத்தமோ சிறுநீர்ச் சிக்கலோ உள்ள முதியவர்களுக்கும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் வயிற்றுக் கோளாறுக்காக வாங்கி வைத்த ஆன்டன்செட்ரான் சிரப்பைக் கொடுத்துக் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு வகை வாந்திக்கு நல்ல மருந்து, பயணக் குமட்டலுக்குக் கேட்பதில்லை.

இஞ்சி சிலருக்கு உதவுகிறது. ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. இஞ்சி மரப்பா ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்வதில் கெடுதல் ஒன்றுமில்லை. வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

வண்டியில் உட்காராதபோதும் தலை சுற்றினால், காதில் இரைச்சலோ கேட்பதில் குறைவோ இருந்தால், அது பயணக் குமட்டல் அல்ல. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவற்றையெல்லாம் தாண்டி உறுதியாக வேலை செய்வது பழக்கம். ஏற்காட்டில் வேலை பார்த்துவிட்டுத் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் வளைவிலேயே தூங்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் மூளைக்கு அந்த ஆட்டம் மனப்பாடம். புது வண்டிக்கும் அப்படி ஒரு மனப்பாடம் உண்டாக்க வேண்டும், ஆனால் சிறிது சிறிதாக. எடுத்தவுடனே 20 வளைவில் கொண்டுபோய் நிறுத்தினால், அந்த வண்டி என்றாலே குமட்டல் என்று உடம்பு முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு ஷெட்டில் நிற்கிற வண்டியின் கதவைத் திறந்தாலே வயிறு புரளும். எங்களுக்கு அந்த நிலை வர ஆரம்பித்திருந்தது. அதனால் ஒரு மாதம் மலைப்பக்கமே போகவில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வரை ஒரு சுற்று, கன்னங்குறிச்சி வரை ஒரு சுற்று. பத்து, பதினைந்து நிமிஷம், வாரத்தில் நாலைந்து நாள். யாருக்காவது லேசாக ஏதாவது தோன்றினால் உடனே வீடு. அப்புறம் அடிவாரம் வரை. பிறகு மூன்று வளைவு ஏறி, வண்டியைத் திருப்ப இடம் இருக்கிற இடத்தில் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

இனிமேல் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். டெஸ்ட் டிரைவ் போகும்போது நீங்கள் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டில் யாருக்கு எளிதில் குமட்டுமோ அவரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் எந்த இருக்கையில் உட்காரப் போகிறாரோ அதில் உட்கார வைத்து, முடிந்தால் அடிவாரம் தாண்டி நாலு வளைவாவது ஏறிப் பாருங்கள். நீங்களும் ஒரு முறை பின்வரிசையில் உட்காருங்கள். நெடுஞ்சாலையில் பத்து நிமிஷம் ஓட்டினால் வண்டியின் சுகம் தெரியும், ஒத்துக்கொள்ளுமா என்பது தெரியாது.

போன மாதம் முழுப் பாதையும் ஏறினோம். அம்மா முன் சீட்டில், கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு. மகள் இரண்டாவது வரிசையில், ஒவ்வொரு பலகைக்கும் குரல் கொடுத்துக்கொண்டு. பதினான்காவது வளைவில் ஒரு முறை நிறுத்திக் காற்று வாங்கினோம், யாரும் கேட்காமலே. ஏரியைச் சுற்றிவிட்டு மாலையில் இறங்கி வந்தோம். அம்மா அந்தப் பழத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதை அறுத்து இரவுக்கு ரசம் வைத்துவிட்டார்.